போதை ‘அடிமை’ என்னும் தீர்ப்பு

2022 டிசம்பரில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பல பத்துப் பேர் அடுத்தடுத்து மாண்டனர். மதுவிலக்கு நடைமுறையில் உள்ள அம்மாநிலத்தின் முதலமைச்சர், குடிப்பவர் சாகத்தான் செய்வார் என்று பொருள்படச் சட்டமன்றத்திலேயே பேசினார். இழப்பீட்டுக்கும் இடமில்லை என்றார். 2023 ஏப்ரலில், மோதிஹாரியில் மற்றுமொரு சாராயச் சாவு நிகழ்ந்த பின்னர்தான், இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் என்னும் அறிவிப்பு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே வகையில் இறந்தபோது தமிழ்நாடு அரசு 10 லட்சம் ரூபாயை உடனே அறிவித்தது. அங்கே இரக்கமின்மை சமூக ஊடகத்திலிருந்து வந்தது. குடித்துச் செத்தவனுக்கு எதற்கு வரிப்பணம் என்று கேட்டவர்கள் எழுத்தறிவற்றவர்கள் அல்லர்.

இவ்விரு இடங்களிலும் மனிதரைக் கொன்றது மெத்தனால். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்கிறது, மூச்சை நிறுத்துகிறது. மருத்துவ மொழியில் அது நஞ்சூட்டம். 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்திருந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களை எவரும் ‘எண்ணெய் தின்னிகள்’ என்று அழைக்கவில்லை. ஏன் வடையும் பூரியும் தின்றாய் என்று பிணத்திடம் கேட்கவில்லை. இரண்டும் கலப்படம், இரண்டிலும் விற்றவனே குற்றவாளி. ஆனால் ஒன்றில் இறந்தவர் ‘பாதிக்கப்பட்டவர்’, மற்றொன்றில் இறந்தவர் ‘குடிகாரர்’. வேறுபாடு வேதியியலில் இல்லை. இறந்தவருக்கு முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்த பெயரில் இருக்கிறது.

அந்தப் பெயர்களைத் தெருவும் திரைப்படமும் மட்டுமே உற்பத்தி செய்வதாக அறிவுலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மை அதற்கு மாறானது. ஆய்வேட்டின் தலைப்பில், வினாநிரலின் முதற் பக்கத்தில், ஜூன் 26ஆம் நாளன்று கல்லூரி வாயிலில் கட்டப்படும் பதாகையில், துறை வெளியிடும் சுற்றறிக்கையில் ‘போதை அடிமைகள்’ என்னும் தொடர் எவ்விதக் கூச்சமுமின்றி அச்சாகிறது. தெருவின் வசைக்கு அங்கேதான் இலக்கணம் கிடைக்கிறது.

‘அடிமை’ என்பதைத் தமிழின் தனிக் கொடுமையாகக் கருத வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ‘அடிக்ட்’ என்ற சொல்லும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. பண்டைய உரோமைச் சட்டத்தில் கடனைத் திருப்பித் தர இயலாதவனை நடுவர் தம் வாய்மொழியால் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவன் ‘அடிக்டஸ்’. அதாவது அச்சொல் ஓர் உடல்நிலையின் பெயராகப் பிறக்கவில்லை; ஒருவரைப் பற்றி அதிகாரத்தில் இருக்கும் மற்றொருவர் கூறிய தீர்ப்பின் பெயராகப் பிறந்தது. போதைப்பொருளைப் பயன்படுத்துபவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக அது ஆங்கிலத்தில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். தமிழில் பெயர்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, மூலத்தின் உள்ளுறையை அப்படியே பிடித்துவிட்டார்கள். அடிமைக்கு விருப்பம் கிடையாது, சாட்சியம் கிடையாது. அவனைப் பற்றி எசமானர்கள் பேசுவார்கள்.

இந்தியாவில் இத்தகைய தீர்ப்புகள் எவ்வாறு ‘தரவு’ ஆகின்றன என்பதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சான்று இருக்கிறது. சமூக அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இல்லாதது. கஞ்சா மனநோயை உண்டாக்குகிறது என்னும் கூற்று பிரித்தானிய நாடாளுமன்றம் வரை சென்றதால் 1893இல் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள், அவர்களுள் மூவர் இந்தியர், 1,193 சாட்சிகள். மனநோய்க் காப்பகங்களின் பதிவேடுகளே அக்கூற்றுக்கு முதன்மை ஆதாரமாக இருந்தன. ஆணையம் அந்தப் பதிவேடுகளைத் திறந்து, ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் பின்தொடர்ந்து விசாரித்தது. அங்கே வெளிப்பட்டது ஓர் எழுத்தரின் பழக்கம். நோயாளியை அழைத்துவரும் காவலர் தரும் விவரத்தாளில் ‘நோய்க்கான காரணம்’ என்றொரு கட்டம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விடுதல் அலுவலகத்துக்கு ஆகாது. காரணம் தெரியாதபோது ‘கஞ்சா’ என்று நிரப்பப்பட்டது. காவலர் எழுதியதைக் காப்பகம் படியெடுத்தது. காப்பகம் எழுதியதை மாகாண அறிக்கை கூட்டிக் காட்டியது. அறிக்கையை இலண்டன் மேற்கோள் காட்டியது. விசாரித்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி நிற்கவில்லை.

காலனிய அரசு கஞ்சா வரியில் வருவாய் பெற்றுவந்தது என்பதால் ஆணையத்தின் முடிவுகளை ஐயத்துடன் படிப்போர் உண்டு. அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் கட்டத்தை நிரப்பிய கையைக் குறித்த அதன் கண்டறிதல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இன்றும் மருத்துவமனைச் சீட்டில், காவல் நிலைய நாட்குறிப்பில், முனைவர் பட்ட ஆய்வின் அட்டவணையில் அந்தக் கை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டு வந்தவரின் சீட்டில் ‘குடிகாரர்’ என்று விழுந்த ஒரு சொல், அவருடைய தலைக்காயத்தின் மயக்கத்தைக் குடிமயக்கமாகப் படிக்க வைக்கும். அடுத்துப் பார்க்கும் மருத்துவர் நோயாளியைப் பார்க்குமுன் சீட்டைப் பார்க்கிறார்.

மருத்துவர் பயிற்சி பெற்றவர், ஒரு சொல் அவரை அசைக்காது என்று கூறுவோருக்கு 2010இல் வெளியான கெல்லி, வெஸ்டர்ஹாஃப் ஆகியோரின் ஆய்வு விடையளிக்கிறது. அமெரிக்காவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மனநல வல்லுநர்களிடம் ஒரே நோயாளியைப் பற்றிய ஒரே பத்தி கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கான பத்தியில் அவர் ‘போதைப்பொருள் துஷ்பிரயோகி’. மறுபாதிக்கு ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. வேறு மாற்றம் எதுவுமில்லை. முதல் சொல்லைப் படித்த வல்லுநர்கள், நோயாளியே தம் நிலைக்குப் பொறுப்பு, அவரைத் தண்டிக்கும் நடவடிக்கை தகும் என்னும் கருத்துகளின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தனர். வேறுபாடு மலையளவன்று. ஆனால் அது மருந்துச் சீட்டு எழுதும் கைகளில் காணப்பட்ட வேறுபாடு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

‘துஷ்பிரயோகம்’ என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். தமிழில் அது பெரிதும் வழங்குவது இரண்டு இடங்களில்: பாலியல் துஷ்பிரயோகம், அதிகார துஷ்பிரயோகம். இரண்டிலும் ஒரு கொடியவர் உண்டு, அவரால் சிதைந்த மற்றொருவர் உண்டு. ‘போதைப்பொருள் துஷ்பிரயோகம்’ என்னும்போது சிதைபவரும் கொடியவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்; ஆனால் வாக்கியத்தில் கொடியவருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964லேயே பழைய சொற்களைக் கைவிட்டுச் ‘சார்புநிலை’ என்னும் கலைச்சொல்லைப் பரிந்துரைத்தது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ‘துஷ்பிரயோகம்’ என்னும் நோய்ப்பெயரை நீக்கியது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமே ‘அடிக்ட்’ என்பதை மனிதரைச் சுட்டும் பெயராக எழுத வேண்டாமென்று தன் நடைக்கையேட்டில் சேர்த்தது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் 2013இன் நோயறி அளவுகோலைக் கொண்டு தரவு திரட்டுகின்றன. திரட்டியதற்கு 1963இன் சொல்லில் தலைப்பிடுகின்றன. இது மரியாதைக் குறைவு மட்டுமன்று, ஆய்வுப் பிழை. அடையாளம் காணப்பட்டது ஒரு கோளாறு. எழுதப்பட்டது ஒரு மனித வகை.

சட்டத்துக்கு வந்தால் சொல்லின் விலை இன்னும் துலக்கமாகத் தெரியும். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் தன் வரையறைப் பிரிவையே ‘அடிக்ட்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. அதன் 27ஆம் பிரிவின்படி நுகர்வே குற்றம்: ஹெராயின், கோக்கேய்ன், மார்ஃபின் என்றால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 20,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும், பிற பொருள்களுக்கு ஆறு மாதம் வரை, 10,000 ரூபாய் வரை. 64அ பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. தானே முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு. ஆனால் அந்த வாயிலுக்குள் நுழையும் உரிமை ‘அடிக்ட்’ ஆனவருக்கு மட்டுமே. எப்போதோ ஒருமுறை கஞ்சா புகைத்துப் பிடிபட்ட மாணவனுக்குச் சார்புநிலை இல்லை. ஆகவே அவனுக்கு விலக்கும் இல்லை. சிறையைத் தவிர்க்க வேண்டுமானால் அவன் தனக்குப் பொருந்தாத பெயரை ஏற்க வேண்டும். ஏற்றவருக்கும் நிம்மதியில்லை. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்கிறது அதே பிரிவு. இடையில் நின்றுபோவதும் மீண்டும் பயன்படுத்துவதும் இந்நோயின் இயல்பான போக்கு என்பதை எந்த மனநல மருத்துவரும் கூறுவார்.

இதே இந்திய அரசு 2017இல் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கிறது. அவற்றை உடையவருக்கு உரிமைகளை வழங்குகிறது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆக ஒரே மனிதர் ஒரு சட்டத்தில் உரிமையுள்ள நோயாளி, மற்றொரு சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர். எந்தச் சட்டம் அவரை முதலில் சென்றடைகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவருடைய முகவரி. வளாகத்தின் விடுதியறையில் புகைப்பவருக்கு ஆற்றுப்படுத்துநர் வருகிறார். வளாகத்துக்கு வெளியே ஆட்டோ நிறுத்தத்தில் புகைப்பவருக்குக் காவலர் வருகிறார். பேராசிரியர்கள் கருத்தரங்கு முடிந்து அருந்துவது ‘சோஷியல் டிரிங்கிங்’. மலக்குழிக்குள் இறங்குபவர், குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் செல்ல முடியாது என்று தாமே திரும்பத் திரும்பக் கூறியிருந்தும், அவர் அருந்துவது ‘குடிவெறி’. ஹோலியன்று அரசு உரிமம் பெற்ற கடையில் வாங்கும் பாங்கு பிரசாதம்; அதே செடியின் பூங்கொத்து குற்றம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இச்சொற்களைப் பற்றிப் பேசவும் முடியாது. சிறுநீர்ச் சோதனையில் பொருள் தென்படாதவர் ‘க்ளீன்’, தென்பட்டவர் ‘டர்ட்டி’ என்பது அமெரிக்க மையங்களிலிருந்து இறக்குமதியான கொச்சை. தூய்மை, தீட்டு என்னும் இரண்டு சொற்களால் மனிதரைக் கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் விலக்கிவைத்த நாட்டில் அது வெறும் உவமையாக இயங்காது. ‘ஆறு மாதமாகச் சுத்தமாக இருக்கிறான்’ என்று பரிவோடு கூறும் சமூகப் பணியாளரும், அதற்கு முன் அவன் என்னவாக இருந்தான் என்பதை உடன் கூறிவிடுகிறார். பெண்களுக்கு இது இரட்டைத் தீட்டு. 2019இல் எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில் மது அருந்துவதாகத் தெரிவித்த ஆண்கள் 27.3 விழுக்காடு, பெண்கள் 1.6 விழுக்காடு. வீட்டுக்கு வந்து கேட்கும் அந்நியரிடம் எத்தனை பெண்கள் ஆம் என்று கூறுவார்கள் என்பதையும் சேர்த்தே அந்த இரண்டாவது எண்ணைப் படிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னும் கனமான எண்கள் உண்டு. மதுச் சார்புநிலை உள்ளோரில் ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறியவர் 38 பேருக்கு ஒருவர். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மருத்துவமனைப் பற்றாக்குறையும் வறுமையும் இதற்குக் காரணங்களே. அவற்றைச் சொல்லால் நிரப்பிவிட முடியாது. ஆனால் மருத்துவமனை அருகிலிருந்தும் செல்லாதவர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளி வரிசையில் நிற்பதே ஒரு வாக்குமூலம் ஆகிவிடும்போது, பின்னால் நிற்பவர் சொந்த ஊர்க்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுபவர் வரிசைக்கு வருவதில்லை.

பஞ்சாபின் நிலை இதைவிடக் கூர்மையானது. 2017 முதல் அம்மாநில அரசு வெளிநோயாளி மையங்களில் புப்ரினார்ஃபின்-நலோக்ஸோன் மாத்திரை வழங்கிவருகிறது. புப்ரினார்ஃபின் 2005 முதல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. ஹெராயின் ஏக்கத்தைத் தணித்து, ஊசியிலிருந்தும் மிகையளவுச் சாவிலிருந்தும் மனிதரைக் காப்பது. ஆனால் திட்ட ஆவணங்களில் இதற்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் ‘மாற்றீட்டுச் சிகிச்சை’. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்றால், அதுவும் ‘நஷா’தானே என்று குடும்பத்தார் கேட்பதில் தருக்கப் பிழை எதுவுமில்லை, பெயர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். ‘அரசாங்க நஷா’வை எப்போது விடுவாய் என்று நச்சரிக்கப்பட்டு மாத்திரையை நிறுத்துபவருக்கு, உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் அந்த நாள்களில் பழைய அளவு ஹெராயினே உயிர்கொல்லி. இன்சுலின் போட்டுக்கொள்பவரிடம் எவரும் எப்போது இன்சுலினிலிருந்து விடுதலை என்று கேட்பதில்லை. 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கிய இயக்கத்துக்கும் ‘நஷா முக்த் பாரத்’ என்றே பெயர். போதையற்ற இந்தியா என்பது கேட்க நல்ல முழக்கம். மாத்திரையால் உயிர்வாழும் ஒருவருக்கு அந்த இந்தியாவில் இடமுண்டா என்பதை முழக்கம் கூறுவதில்லை.

சொல்லை மாற்றினால் நோய் தீருமா, இது மேட்டுக்குடியினரின் நாசூக்கு என்னும் மறுப்பு எல்லாக் கருத்தரங்குகளிலும் எழும். அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஊனமுற்றோரைத் ‘திவ்யாங்’ என்று அழைக்கலாம் என்ற யோசனை தில்லியிலிருந்து வந்தபோது ஊனமுற்றோர் இயக்கங்களே எதிர்த்தன. தெய்வீக உறுப்பு வேண்டாம், சாய்தளம் வேண்டும் என்பதே அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். உரிமை கூடாத இனிப்புச் சொல் மற்றுமோர் ஏமாற்று. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் நடந்ததும் மறக்கத்தக்கதன்று. வசைச்சொற்கள் நீங்கி அவ்விடத்தில் சுருக்கெழுத்துகள் வந்தன. ‘ஐடியு’ என்றும் ‘எச்ஆர்ஜி’ என்றும் மனிதர்கள் கோப்பு எண்களானார்கள். வசை போனது, மனிதரும் உடன் போனார்.

ஆனால் மறுபாதியையும் வரலாற்றிலிருந்தே எடுக்க வேண்டும். 1912இன் பைத்தியச் சட்டத்தில் ‘லூனடிக்’ ஆக இருந்தவர் 1987இல் ‘மனநோயுற்றவர்’ ஆனார், 2017இல் ‘மனநோய் உள்ள நபர்’ ஆனார். ஒவ்வொரு பெயரோடும் அடைப்பதற்கான அதிகாரம் சுருங்கியது, அடைக்கப்படாதிருக்கும் உரிமை விரிந்தது. 1898இன் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீங்கியது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019இல் நீங்கின. மருந்து அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் குணமானவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியது கிருமியன்று. ‘குஷ்டரோகி’ என்ற சொல்லைக் கைவிட்டதால் மட்டும் அவர்கள் ஊருக்குள் வரவில்லை; அதைக் கைவிடாமல் வந்திருக்கவும் முடியாது.

எந்தச் சொல் சரி என்பதை மொழியறிஞர் குழு தீர்மானிக்க வேண்டியதில்லை. மணிப்பூரில் 1990களில் ஆயுதக் குழுக்கள் போதைப்பொருள் பயன்படுத்திய இளைஞர்களைக் காலில் சுட்டுத் ‘திருத்தின’. அதே ஆண்டுகளில் இம்பாலில் பயன்படுத்தியவர்களே கூடி ‘சாசோ’ என்னும் அமைப்பைக் கட்டி, எச்ஐவி பரவலுக்கு எதிராகத் தூய ஊசிகளை விநியோகிக்கும் பணியில் இறங்கினர். பின்னர் நாடளவில் உருவான மன்றம் தன்னை ‘இந்திய போதைப்பொருள் பயன்படுத்துவோர் மன்றம்’ என்றே அழைத்துக்கொண்டது. அதில் கழிவிரக்கமும் இல்லை, பூச்சும் இல்லை; செய்யும் செயலின் பெயர் மட்டுமே உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் எழுந்து நின்று தம்மைக் குடிநோயாளி என்று கூறிக்கொள்பவரின் உரிமையும் இதனால் பறிபோவதில்லை. அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரை அவருடைய மருத்துவரும் ஆய்வாளரும் எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவே. தமிழில் ‘போதைப்பொருள் பயன்படுத்துபவர்’, ‘மதுச் சார்புநிலை உள்ளவர்’, ‘சிகிச்சையில் இருப்பவர்’ என்று எழுதுவதற்கு எந்த இலக்கணத் தடையும் இல்லை. நீளம் கூடுகிறது என்பது ஒரு குறையென்றால், அடிக்குறிப்புகளால் பக்கங்களை நிரப்பும் ஆய்வுலகம் அதை வாய்விட்டுக் கூறாதிருப்பது நல்லது.

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் விடுதி உறுதிமொழிப் படிவம் ஒன்று மாணவர் கையில் தரப்படுகிறது. பகடிவதைக்கு அடுத்த வரியில் போதைப் பழக்கம். ‘எனக்குப் போதைப் பழக்கம் இல்லை, இருப்பதாகக் கண்டறியப்பட்டால் நீக்கப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.’ கீழே பெற்றோர் கையொப்பம். அதே படிவத்தின் பின்பக்கத்தில் ஆற்றுப்படுத்துநரின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். உதவி தேவைப்படுவோர் தயங்காமல் அணுகலாம் என்றும் இருக்கும். சில மாதங்களாகத் தூக்கத்துக்கு மாத்திரை, மாத்திரையிலிருந்து எழ வேறொரு மாத்திரை என்றிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை, தந்தை பக்கத்தில் நிற்க, முன்பக்கத்தில் கையெழுத்திடுகிறது. பின்பக்கத்தை அது திருப்பிப் பார்ப்பதில்லை.